நீலகிரி டிரவுட்டும் முதுவேனிலும்

தமிழர் வகுத்த பெரும்பொழுதுகள் ஆறனுள் ஆனி, ஆடி ஆகிய இரு திங்களும் முதுவேனில் எனப்படும். இலக்கண மரபு வேனிலைப் பாலைக்கு உரியதாக்கியது. நீலகிரியின் மேற்குச் சரிவிலோ இவ்விரு திங்களும் தென்மேற்குப் பருவமழையின் உச்சமாகும். கோடையின் இறுதியில் நீர் குறைந்து தெளிந்த மலையாற்றில் டிரவுட் மீன் பிடிக்கும் ஐரோப்பியர் பொழுதுபோக்கு இம்மலைக்கு வந்த வரலாற்றை ஆராய்வார் இப்பொழுது மாறுபாட்டை முதற்கண் மனங்கொள்ளுதல் வேண்டும்.

தூண்டில் தமிழர்க்குப் புதியதன்று. சங்கப் பாடல்கள் அதனை நன்கறியும். ஆயினும் மீன்பிடித்தல் பெரும்பாலும் நெய்தற் பரதவர்க்கும் மருத நிலத்து நீர்நிலைகளுக்கும் உரியதாகவே பேசப்படுகிறது. குறிஞ்சி மாந்தரின் தொழில் வேட்டை, தினை, தேன் என அமையும். மேலும், நம் தூண்டிலில் மெய்யான இரை உண்டு. டிரவுட்டுக்குரிய தூண்டிலில் இரை இல்லை. இறகும் மயிரும் கொண்டு ஈயைப்போலக் கட்டிய முள் மட்டுமே உண்டு. அதற்கு எடையின்மையால் கயிற்றின் கனமே அதனை நீரின்மேல் கொண்டு சேர்க்கிறது. மீன் அப்பொய் ஈயைக் கண்டு மேலெழுந்து கவ்வ வேண்டும். எனவே தெளிந்த நீர் இன்றியமையாதது. ஆடிப் பெருக்கில் கலங்கி ஓடும் நீலகிரி ஓடையில் இவ்வித்தை பயனற்றுப் போவது வெளிப்படை.

குளிர்நீர் மீனாகிய டிரவுட், நீரின் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை செல்சியசைக் கடந்தால் துன்புறும். டில்லியை ஒட்டியோடும் யமுனையில் அது வாழாமைக்கும், டில்லித் தூண்டிற்காரர் குலுப் பள்ளத்தாக்கின் பியாஸ் ஆற்றை நாடுவதற்கும் காரணம் இதுவே. தெற்கில் அதற்கேற்ற இடம் உதகையை அடுத்த உயர்நிலங்கள். மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1863இல் மேற்கொண்ட முதல் முயற்சி வெற்றி பெறவில்லை. சூயஸ் கால்வாய் திறக்கப்படாத காலம் அது.

மீன் நிலைபெறுமுன் சட்டம் வந்தது. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் ஈண்டு நுணுகி நோக்கத்தக்கது. அது காக்க முனைந்தது வெளியிலிருந்து கொணர்ந்து பழக்கப்பட்ட மீன்களையே. ஓடைகளில் முன்பே வாழ்ந்த மீன்களை அன்று. தோடர், கோத்தர், படகர் முதலியோர் வாழ்ந்த மலையில், எது காக்கத்தக்கது என்பதை முடிவு செய்தவர் குடியேறிய ஆட்சியாளரே என்பதற்கு இச்சொல்லாட்சியை விடச் சிறந்த சான்று தேவையில்லை.

1907இல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார். 1909-10இல் இலங்கை, ஜெர்மனி, நியூசிலாந்து ஆகிய நாடுகளிலிருந்து வானவில் டிரவுட்டின் முட்டைகள் தருவிக்கப்பட்டன. இங்கு நிலைத்த இவ்வினத்தின் தாயகம் பிரிட்டனன்று, பசிபிக் கரையின் வட அமெரிக்க ஆறுகள் என்பது சுவையான செய்தி. தாய்நாட்டு நினைவுக்காக வளர்த்த மீன் தாய்நாட்டு மீனே அன்று! காஷ்மீரத்தில் 1900இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து வெற்றி பெற்றது வேறோர் இனமான பழுப்பு டிரவுட்.

பின்னர் ஓடைகளின் இயல்பே மாறியது. பைக்காரா மின்திட்டம் 1932இல் இயங்கத் தொடங்கியது. விடுதலைக்குப் பின் குந்தா திட்டத்தால் அவலாஞ்சிப் பகுதியும் நீர்த்தேக்கமாயிற்று. டில்லி நாடாளுமன்றம் 1972இல் இயற்றிய காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் வழி முக்குருத்தி 1990இல் தேசியப் பூங்காவானது. அதனுள் பொழுதுபோக்கு மீன்பிடிப்புக்கு இடமில்லை. இதனால் தூண்டிற்காரர் நீங்கினர். அவர்கள் கொணர்ந்த மீன் பூங்காவின் ஓடைகளில் தங்கிவிட்டது. 1879இன் சட்டம் பெயர் சொல்லிக் காத்ததை இன்று பூங்காவின் எல்லை பெயர் சொல்லாமல் காக்கிறது. ஓடையின் சிற்றுயிர்களை இரையாகக் கொள்ளும் அவ்வயல்மீனை நீக்குவதா, விடுவதா என்பது இனி ஆராயப்பட வேண்டியது.

2019 ஆகஸ்டு 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பதிவாயிற்று. தமிழ் நாட்காட்டியில் அது ஆடித் திங்கள், முதுவேனில்.