ஐயமும் பதக்கமும்

கண்டித் திரித்துவக் கல்லூரியிற் பயின்ற டங்கன் வைற் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதன்பின் 52 ஆண்டுகள் இலங்கைக்கு ஒரு பதக்கமும் கிட்டவில்லை. அக்குறையைத் தீர்த்தவர், கண்டி வீதியிலுள்ள வரக்காப்பொலைப் பகுதியிற் பிறந்த சுசந்திகா ஜயசிங்க. ஆனால், அதற்கு முன்னரே, 1998இல், அவரிடம் நண்ட்ரோலோன் என்னும் ஊக்கமருந்து காணப்பட்டதென அறிவிக்கப்பட்டது. பின்னர் அவர் குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்டார். குற்றச்சாட்டு ஓடும் வேகத்தில் விடுதலைச் செய்தி ஓடுவதில்லை என்பது பத்திரிகை உலகின் பழைய குறை.

ஊக்கமருந்தை உலகம் என்றும் இவ்வாறு நோக்கியதில்லை. 1924இல் பிரான்சின் பெருஞ் சைக்கிளோட்டத்திலிருந்து விலகிய பெலிசியே சகோதரர், தம் பையிலிருந்த கொக்கெயினையும் குளோரோபோமையும் அல்பேர் லோந்திர் என்னும் பத்திரிகையாளருக்கு எடுத்துக் காட்டினர். அவரோ அதனை மோசடியென்று எழுதவில்லை. ஓட்டக்காரர் படும் வதைக்குச் சான்றாகவே எழுதினார். தடைச்சட்டங்கள் 1960களில் வந்தன. இரக்கம் இருந்த இடத்தில் ஐயம் குடிபுகுந்தது.

2000ஆம் ஆண்டு சிட்னியில் 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடிய சுசந்திகா வெண்கலம் பெற்றார். முதலிடம் பெற்ற மரியன் ஜோன்ஸ், தாம் ஊக்கமருந்து உட்கொண்டதை 2007இல் ஒப்புக்கொண்டார். சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாகியது 2009 டிசெம்பரிலேதான். அப்போது அவர் வயது முப்பத்துநான்கை நெருங்கியிருந்தது.