மாரி மழையும் மகாவலி வெள்ளமும்: திருகோணமலை கவனிக்க வேண்டியவை

திருகோணமலைக்கு ஆண்டொன்றில் சராசரியாகக் கிடைக்கும் சுமார் 1,600 மில்லிமீற்றர் மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரையிலான நான்கு மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. பெரும்போக நெற்செய்கையும் குளங்களும் கிணறுகளும் இம்மாரியையே நம்பியுள்ளன. நாட்டின் தென்மேற்கில் மழை கொட்டும் ஜூன், ஜூலை மாதங்களில் இங்கு வீசுவது வரண்ட கச்சான் காற்றாகும். அக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளிலிருந்து வந்து தொழில் செய்யும் மீனவர்கள், வாடைக்காற்று தொடங்குமுன் ஊர் திரும்பிவிடுவர்.

மாரி மழை ஒரே தன்மையானதன்று. ஒக்டோபர், நவம்பர் இடைப்பருவத்தில் காலை வெயில் கடுமையாகக் காயும். பிற்பகலில் கந்தளாய்ப் பக்கமாக முகில்கள் திரண்டெழுந்து, மாலையில் இடி மின்னலுடன் பொழியும். நகரில் தெரு நிறைய ஓடிய மழை நிலாவெளியில் துளியும் விழாதிருக்கலாம். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று நிலைகொண்டபின் மழை கடற்பக்கமிருந்து வரும். இவ்விரண்டும் பழகிய மழைகள். தாழமுக்கமும் சூறாவளியுமே அச்சத்திற்குரியவை.

அவை வரும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. 1964 டிசம்பர் 22 ஆம் திகதி இலங்கையின் வடகீழ்க் கரையைத் தாக்கிய சூறாவளி, வடக்கைக் குறுக்கறுத்துச் சென்று அன்றிரவே தனுஷ்கோடியை அழித்தது. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சூறாவளி சிதைத்தது. 2000 டிசம்பர் 26 இல் திருகோணமலைப் பகுதியில் கரை கடந்த சூறாவளி, ரமழான் நோன்பின் இறுதி நாட்களில் வந்தது. சரியாக நான்கு ஆண்டுகளின் பின் அதே திகதியில் ஆழிப்பேரலை வந்தமையால் அது பலருக்கு மறந்தே போயிற்று. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு 'புரெவி' திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையே கரை கடந்தது.

சோழமண்டலக் கரையில் ஒதுங்குவதற்கு நல்ல துறைமுகம் இல்லாத பாய்க்கப்பல் காலத்தில், வடகீழ்ப் பருவக்காற்றுக்கு அஞ்சிய கடற்படைகள் நாடிய இடம் திருகோணமலையாகும். 1782 ஆம் ஆண்டில் மட்டும் இத்துறைமுகம் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், அவர்களிடமிருந்து பிரெஞ்சுக்காரருக்கும் என இரு முறை கைமாறியது. கப்பல்கள் பெற்ற இப்பாதுகாப்பைக் கரையோரக் கிராமங்கள் பெற்றதில்லை.

புயல் நெருங்குவதைக் காட்டும் குறிகளில் காற்றமுக்கமே நம்பகமானது. வெப்பமண்டலத்தில் அமுக்கம் நாளொன்றுக்கு இரு முறை ஏறி இறங்கும். காலை, இரவு 10 மணியளவில் உச்சத்தையும், அதிகாலை, பிற்பகல் 4 மணியளவில் தாழ்நிலையையும் அடையும். இந்த ஒழுங்கு குலைந்து, ஏற வேண்டிய நேரத்திலும் அமுக்கம் இறங்கிக்கொண்டே போனால் கடலில் ஏதோ நிகழ்கிறது என்று பொருள்.

காற்றின் திசையும் பேசும். காற்றுக்கு முதுகு காட்டி நின்றால், நமது பகுதியில் புயலின் மையம் ஏறத்தாழ இடக்கைப் பக்கமாக இருக்கும். கிழக்கிலிருந்து புயல் வரும்போது முதலில் வடகாற்று வீசும். அது வடமேற்காகவும் மேற்காகவும் திரும்பினால் மையம் நமக்கு வடக்கே செல்கிறது; வடகிழக்காகவும் கிழக்காகவும் திரும்பினால் தெற்கே செல்கிறது. காற்று திடீரென அடங்கினால் வெளியே வரக்கூடாது. மையம் கடந்தபின் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் அடிக்கும்.

ஆனால் கொட்டியாரக் குடாவின் தென்புறத்தில் வாழ்வோர் வானத்தையும் காற்றையும் மட்டும் பார்த்திருந்தாற் போதாது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கின் நீரைச் சுமந்துவரும் மகாவலி கங்கை இக்குடாவிலேயே கடலை அடைகிறது. அதன் கிளையான வெருகல் ஆறும் இம்மாவட்டத்தினூடாகவே பாய்கிறது. கண்டியிலும் நுவரெலியாவிலும் பெய்த மழை இங்கு வந்து சேர நாட்கள் செல்லும். எனவே புயல் ஓய்ந்து வானம் வெளுத்தபின்னரே மூதூரிலும் வெருகலிலும் நீர் ஏறத் தொடங்குவதுண்டு.

2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின்போது நிகழ்ந்ததும் இதுவே. நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட அவ்வனர்த்தத்தில் மலையகத்தின் மண்சரிவுகளே கூடுதலான உயிர்களைக் குடித்தன. 28 ஆம் திகதி புயல் கரையேறியது. மாவிலாறு அணையின் கரை உடைப்பெடுத்தது 30 ஆம் திகதியிலாகும். அந்த இரண்டு நாள் இடைவெளி பெரிய வாய்ப்பாகும். கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டவும், நெல்லையும் ஆவணங்களையும் அப்புறப்படுத்தவும், முதியோரையும் கர்ப்பிணிகளையும் வெளியேற்றவும் அது போதுமானது. ஆற்றின் மட்டம் எவ்வளவு என்பது உரிய நேரத்தில், உரிய மொழியில் கிடைக்க வேண்டும். டித்வாவின்போது எச்சரிக்கைகள் தமிழில் போதியளவு கிடைக்கவில்லை என்ற விமர்சனம் பரவலாக எழுந்தது. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஒரு மாவட்டத்தில் இது சிறு குறையன்று.

உலக வானிலை வரைபடங்களில் 43418 என்ற இலக்கத்தால் குறிக்கப்படும் திருகோணமலை நிலையம், நகரின் மழையைச் சரியாகவே அளக்கிறது. புல்மோட்டை முதல் வெருகல் வரை நீளும் கரைக்கு அந்த ஒரு நிலையத்தின் கணக்கைக் கொண்டு தீர்ப்புச் சொல்ல இயலாது. பாடசாலைகள் இக்குறையை ஓரளவு நிரப்பலாம். நேரான பக்கங்களும் தட்டையான அடியும் கொண்ட ஒரு தகரப் பேணியும் அடிமட்டமும் இருந்தால் மழையை அளக்கலாம். மரமும் சுவரும் அண்டாத திறந்த இடத்தில் அதை வைத்து, வளிமண்டலவியல் திணைக்களம் செய்வதுபோல் தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் ஆழத்தைக் குறிக்க வேண்டும். 25 மில்லிமீற்றர் ஆழம் என்றால் 25 மில்லிமீற்றர் மழை. சதுர மீற்றருக்கு 25 லீற்றர். (கூரைத் தண்ணீர் விழுந்த வாளியை அளந்து ஊரை மிரட்டுவது வேறு விடயம்.)

மழைமானியோடு ஆற்றுமானியும் சேர வேண்டும். மகாவலியின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களம் மனம்பிட்டியில் அளந்து வருகிறது. மாரிகாலத்தில் அந்த எண்ணைப் பிரதேச செயலகங்கள் நாளுக்கு இரு முறை தமிழில் பெற்று, மூதூர், தோப்பூர், கிண்ணியாப் பள்ளிவாசல்களினதும் வெருகல், ஈச்சிலம்பற்றுக் கோயில்களினதும் ஒலிபெருக்கிகளில் வாசிக்கச் செய்வதற்குப் புதிதாக எந்தக் கருவியும் வாங்க வேண்டியதில்லை. அடுத்த ஐப்பசிக்கு முன் அதற்கான ஒரு சுற்றறிக்கை வெளிவந்தாலே போதும்.