இணையத்தில் வேத வசனம் தேடுகிறீர்களா? எந்த மொழிபெயர்ப்பு என்பதை முதலில் பாருங்கள்

நினைவஞ்சலி அறிவிப்புக்கோ திருமண அழைப்பிதழுக்கோ ஒரு வசனம் வேண்டுமென்றால், முன்பெல்லாம் வீட்டிலுள்ள வேதாகமத்தைப் புரட்டுவார்கள். இப்போது கைப்பேசியில் தேடுகிறார்கள். தேடிய வசனம் கிடைக்காமல் போவதும், கிடைத்த வசனம் ஆலயத்தில் கேட்டுப் பழகியதுபோல் இல்லாமல் இருப்பதும் அடிக்கடி நடக்கிறது. பெரும்பாலும் அது தளத்தின் கோளாறு அன்று. தமிழில் வேதாகம மொழிபெயர்ப்புகள் பல உண்டு என்பதே காரணம்.

சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சேறி முடிந்தது. பின்னர் பப்ரிசியஸ் ஒரு மொழிபெயர்ப்பைத் தந்தார். ஹென்றி போவர் தலைமையில் உருவாகி 1871இல் வெளிவந்ததையே இன்று 'பழைய மொழிபெயர்ப்பு' அல்லது 'ஓ.வி.' என்கிறோம். மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், பெந்தெகொஸ்தே சபையினர் வாயில் மனப்பாடமாக இருப்பது பெரும்பாலும் இதுதான். கத்தோலிக்கர் திருப்பலியில் கேட்பது 1995இல் வெளிவந்த 'திருவிவிலியம்' என்ற பொது மொழிபெயர்ப்பு. இவை தவிர எளிய நடை மொழிபெயர்ப்புகளும் உள்ளன.

நூல்களின் பெயர்களே மாறுகின்றன. ஆதியாகமம் திருவிவிலியத்தில் தொடக்கநூல். சங்கீதம் அங்கே திருப்பாடல்கள். அப்போஸ்தலருடைய நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். உள்ளே உள்ள சொற்களும் வேறு. பழையதில் கிருபை என்றால் புதியதில் அருள். விசுவாசம் நம்பிக்கை ஆகிறது, ஞானஸ்நானம் திருமுழுக்கு ஆகிறது. திருவிவிலியம் உள்ள தளத்தில் 'கிருபை' என்று தேடினால் ஒன்றும் வராமல் போகலாம். கிருபை இல்லாத வேதாகமமா என்று பதற வேண்டாம், 'அருள்' என்று தேட வேண்டும்.

தமிழ்ச் சொல் வேற்றுமை உருபு ஏற்கும்போது வடிவம் மாறுவதும் ஒரு சிக்கல். 'அன்பு' என்று தட்டினால் 'அன்பினால்' வராத தளங்கள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு மூன்று வடிவங்களை மாற்றி மாற்றித் தேடிப் பார்ப்பதே வழி. அதிகாரமும் வசன எண்ணும் தெரிந்தால் இந்தத் தொல்லையே இல்லை. 'யோவான் 3:16' என்று தட்டினால் எல்லாத் தளங்களும் நேராக அங்கே கொண்டுபோய் விடும்.

ஆனால் எண்ணிலும் ஒரு பொடி வைத்திருக்கிறார்கள். பழைய கத்தோலிக்க நூல்களில் பெரும்பாலான சங்கீதங்களுக்கு எண் ஒன்று குறைவு. மேய்ப்பரைப் பற்றிய 23ஆம் சங்கீதம் அவற்றில் 22. தாத்தா குறித்து வைத்த எண்ணை இணையத்தில் தேடி, வேறொரு சங்கீதத்தை அறிவிப்பில் அச்சிட்டுவிட்டால் திருத்த முடியாது. மத்தேயு 17:21 போன்ற சில வசனங்கள் புதிய மொழிபெயர்ப்புகள் சிலவற்றில் அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். யாரும் திருட்டுத்தனமாக நீக்கவில்லை. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அவ்வசனங்கள் இல்லாததால் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நூல்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்கள், கத்தோலிக்கருக்கு 73. திருமணத் திருப்பலிக்குத் தோபித்து நூலிலிருந்து வாசகம் தேடுகிறவர் 66 நூல் உள்ள தளத்தில் எவ்வளவு நேரம் தேடினாலும் கிடைக்காது. தமிழ் விக்கிமூலத்தில் திருவிவிலியம் முழுமையாக இருக்கிறது, அங்கே போகலாம்.

பலரும் பயன்படுத்தும் யூவர்ஷன் செயலியை அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலுள்ள லைஃப் சர்ச் 2008இல் வெளியிட்டது. அதில் ஓ.வி. உட்படத் தமிழ் மொழிபெயர்ப்புகள் சில உள்ளன. திறந்ததும் மேலே இருக்கும் மொழிபெயர்ப்பின் பெயரைப் பார்த்துக்கொள்வது நல்லது. 1993இல் தொடங்கிய பைபிள் கேட்வே தளத்தில் எளிய நடைத் தமிழ் கிடைக்கிறது. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நன்றாகவே பொருந்தும், ஆனால் போவரின் நடையில் ஊறிய பெரியவர்களுக்கு ஒட்டாது.

போதகர்களும் வேதபாட ஆசிரியர்களும் புளூ லெட்டர் பைபிள், பைபிள் ஹப் ஆகிய ஆங்கிலத் தளங்களை நாடுகிறார்கள். ஜேம்ஸ் ஸ்ட்ராங் 1890இல் வெளியிட்ட ஒத்துவாக்கிய அகராதி, மூலமொழிச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தது. இத்தளங்களில் அந்த எண்ணைத் தட்டினால் எபிரெயச் சொல்லோ கிரேக்கச் சொல்லோ வேறு எங்கெல்லாம் வருகிறது என்று காட்டும். யோவான் 21ஆம் அதிகாரத்தில் இயேசு பேதுருவிடம் மூன்று முறை கேட்கும் கேள்வியை எடுத்துப் பாருங்கள். அந்த உரையாடலில் அன்பைக் குறிக்க இரண்டு கிரேக்க வினைச்சொற்கள் வருகின்றன; எண்கள் 25, 5368. ஆங்கிலத்தில் இரண்டையும் ஒரே சொல்லாகத்தான் பெரும்பாலும் படிக்கிறோம்.

தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கும், கண் மங்கிய தோட்டத்துப் பெரியவர்களுக்கும் பைபிள் டாட் இஸ் செயலி உதவும். தமிழில் ஒலிவடிவம் அதில் உண்டு. இணையத் தொடர்பு சரியில்லாத இடங்களில் இருப்போர், பட்டணம் வரும்போது வேண்டிய நூல்களைப் பதிவிறக்கம் செய்துகொண்டால் வீட்டில் தொடர்பு இல்லாமலே கேட்கலாம்.