கடலை போட்ட சாம்ராஜ்யம்!

பழைய டிராக்டர் ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்ம ஊர் விவசாயி என்ன செய்வார்? புது பெயின்ட்டைப் பார்த்து மயங்க மாட்டார். கூடவே தெரிந்த மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போவார். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, புகை என்ன நிறத்தில் வருகிறது என்று பார்ப்பார். குனிந்து எண்ணெய்க் கசிவைப் பார்ப்பார். ‘இதுக்கு ஸ்பேர் எங்கே கிடைக்கும்? ரிப்பேர்னா யார் பார்ப்பா?’ என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பேரத்துக்கே வருவார்!

இந்தச் சாதாரணக் கேள்வியைக் கேட்க மறந்துபோன ஓர் அரசாங்கத்தின் கதை இது. ஏதோ குட்டி நாடு என்று நினைத்துவிடாதீர்கள். சூரியனே மறையாத சாம்ராஜ்யம் என்று மார்தட்டிக்கொண்ட பிரிட்டன்தான் அது!

1946. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் ஜெயித்துவிட்டது. ஆனால், கஜானா காலி. சமையலறையும்தான்! போர் நடந்தபோதுகூட தாராளமாகக் கிடைத்த ரொட்டி, போர் முடிந்த பிறகு, 1946 ஜூலையில் ரேஷனுக்கு வந்தது என்றால் பாருங்கள். எண்ணெய், கொழுப்பு, மார்ஜரின் எல்லாவற்றுக்கும் திண்டாட்டம். போருக்கு முன்னால் இந்தியாவிலிருந்து (அதிலும் நம் சென்னை மாகாணத்திலிருந்து) நிலக்கடலை கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது இந்தியாவுக்கே எண்ணெய் போதவில்லை. வேறு வழி?

ஃபிராங்க் சாமுவேல் என்பவர் ஒரு யோசனையோடு வந்தார். சோப்பு, மார்ஜரின் ராஜாவான யூனிலிவரின் துணை நிறுவனமான யுனைடெட் ஆப்பிரிக்கா கம்பெனியின் நிர்வாக இயக்குநர் அவர். ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் சும்மா கிடக்கிறது. மெஷின்களை இறக்கி, காட்டைத் திருத்தி, கடலை போடுவோம்!’ என்பதுதான் யோசனை. லேபர் கட்சி அரசுக்கு இது ரொம்பவே பிடித்துப்போனது. உணவு அமைச்சர் ஜான் ஸ்ட்ரேச்சி உற்சாகமாகத் தலையாட்டினார். டாங்கனிகாவில் (இன்றைய டான்சானியா) விவசாய இயக்குநராக இருந்த ஜான் வேக்ஃபீல்ட் தலைமையில் ஒரு குழு கிளம்பியது. ஒன்பது வாரம் சுற்றியது. நிலத்தில் பெரும்பகுதியை விமானத்தில் பறந்தபடியே பார்த்தார்கள்!

திரும்பி வந்து அவர்கள் கொடுத்த அறிக்கையைக் கேட்டால் தலை சுற்றும். 32 லட்சம் ஏக்கர் காட்டைத் திருத்த வேண்டும். தலா 30,000 ஏக்கரில் 107 பண்ணைகள். ஆண்டுக்கு 6 லட்சம் டன் கடலை. செலவு சுமார் 2.5 கோடி பவுண்ட். முதலில் ஓர் ஆயிரம் ஏக்கரில் சோதித்துப் பார்ப்போமே என்று யோசிக்கவில்லை. நேராக யுத்தகால வேகம்! வேலைக்கு ஆள் தேவை என்றதும், முன்னாள் சிப்பாய்களும் மற்றவர்களுமாக சுமார் ஒரு லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். பத்திரிகைகள் வைத்த செல்லப்பெயர் ‘கடலைப் பட்டாளம்’!

சரி, டிராக்டர்? அங்கேதான் முதல் முட்டுக்கட்டை.

காட்டைத் திருத்த வேண்டுமானால் பத்து டன்னுக்கு மேல் எடையுள்ள, இரும்புச் செயினில் ஊர்ந்து போகும் பெரிய டிராக்டர்கள் தேவை. அமெரிக்கத் தொழிற்சாலைகளில் ஆர்டர்கள் மலைபோலக் குவிந்து கிடந்தன. புது வண்டி கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். காத்திருக்க யாருக்குப் பொறுமை? பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்க ராணுவம் போரில் பயன்படுத்திவிட்டுக் கழித்துப்போட்ட டிராக்டர்களும் புல்டோசர்களும் கிடந்தன. போரில் அடிபட்டு, உப்புக்காற்றிலும் மழையிலும் நின்ற வண்டிகள். ‘வாங்கு, கப்பலில் ஏற்று!’ என்றார்கள்.

அதோடு விடவில்லை. உபரியாகக் கிடந்த ‘ஷெர்மன்’ ரக ராணுவ டாங்கிகளை விக்கர்ஸ் நிறுவனத்திடம் கொடுத்து டிராக்டராக மாற்றச் சொன்னார்கள். ஷெர்மனையும் விக்கர்ஸையும் சேர்த்து ‘ஷெர்விக்’ என்று பெயர்கூட வைத்தாயிற்று. காகிதத்தில் பிரமாதமான ஐடியா! காட்டில் படுதோல்வி. டாங்கி என்பது ஓடுவதற்கும் சுடுவதற்கும் செய்த வண்டி. நாளெல்லாம் மெதுவாக, முழு பலத்தோடு, வேரைப் பிடித்து இழுப்பது வேறு வேலை.

1947-ன் தொடக்கத்தில் முதல் குழு டாங்கனிகாவின் நடுவே இருக்கும் கோங்க்வாவில் போய் இறங்கியது. தண்ணீர் இல்லை. சாலை இல்லை. தார்-எஸ்-சலாம் துறைமுகத்தில் இறங்கும் சாமான்கள் ஒற்றை ரயில் பாதையை நம்பி வந்தாக வேண்டும். முழு வசதியோடு ஒர்க்‌ஷாப் எழும்பும் முன்பே டிராக்டர்களைக் காட்டுக்குள் விரட்டினார்கள்.

புதர்க் காட்டில் இந்த மாதிரி வண்டிக்கு என்னென்ன நேரும் தெரியுமா? இரும்புச் செயினின் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பின் இருக்கும். கோங்க்வா மண்ணில் சிலிக்காத் துகள் அதிகம். அது உப்புக்காகிதம் மாதிரி அந்தப் பின்களைத் தேய்க்கும். பின் தேய்ந்தால் செயின் தொளதொளத்துக் கழன்று விழும். காற்று ஃபில்டரில் தூசி அடைந்து, அதைத் தினமும் சுத்தம் செய்யாமல் விட்டால் தூசி இன்ஜினுக்குள் போய் சிலிண்டரையே தின்றுவிடும். உடைந்த கிளை குத்தினால் ரேடியேட்டர் அவுட்! இவை எல்லாமே சின்னச் சின்ன ரிப்பேர்கள்தான். கையில் பொருத்தமான ஸ்பேர் பார்ட் இருந்தால் சில மணி நேர வேலை. இல்லையென்றால், அத்தனை டன் இரும்பும் வெயிலில் நிற்க வேண்டியதுதான்.

அப்படித்தான் நின்றன! 1947 கோடைக்காலம் முடிவதற்குள், இறக்குமதியான டிராக்டர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓடாமல் படுத்துவிட்டன. முதல் ஆண்டு திருத்த வேண்டிய நிலம் ஒன்றரை லட்சம் ஏக்கர். முடிந்தது எவ்வளவு? சுமார் 7,500 ஏக்கர். இருபதில் ஒரு பங்கு!

பழியைப் போட ஆள் வேண்டுமே? ‘ஆப்பிரிக்க டிரைவர்களுக்கு ஓட்டத் தெரியவில்லை, அவர்கள்தான் வண்டிகளைக் கெடுத்தார்கள்’ என்று அப்போதும் சொன்னார்கள், பிற்பாடும் எழுதினார்கள். அதற்கு முன் டிராக்டரைத் தொட்டே பார்த்திராத ஓர் இளைஞனுக்கு அவசர அவசரமாகப் பயிற்சி கொடுத்து, ஏற்கெனவே ஒரு யுத்தத்தைப் பார்த்துவிட்ட வண்டியில் உட்கார வைத்துவிட்டு, குற்றத்தையும் அவன் தலையிலேயே கட்டுவது என்ன நியாயம்? சொல்லுங்கள்!

இதற்கு நடுவே பாபாப் மரங்கள். இலங்கை மன்னார்ப் பக்கம் ‘பெருக்க மரம்’ என்பார்களே, அதேதான். யானைக்கால் மாதிரி பருத்த அடிமரம். ஒரு மரத்தின் பொந்து உள்ளூர் ஜெயிலாக இருந்ததாம்! இன்னொன்றில் மக்கள் முன்னோர்களை வழிபட்டார்கள். பல மரங்களில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. புல்டோசர் மோதியதும் படையாகக் கிளம்பி வந்து கொட்ட, தொழிலாளர்களை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக வேண்டியதாயிற்று.

உருப்படியான ஒரு வழியும் அகப்பட்டது. இரண்டு டிராக்டர்களுக்கு நடுவே கப்பல் நங்கூரச் சங்கிலியைக் கட்டி இழுத்தால், நடுவில் உள்ள புதரெல்லாம் வேரோடு சாய்ந்தது. உடனே லண்டனுக்கு ஆர்டர் போனது. ‘நடுக்காட்டில் விவசாயம் பண்ணுகிறவர்களுக்குக் கப்பல் சங்கிலி எதற்கு? யாரோ விளையாடுகிறார்கள்!’ என்று நினைத்து லண்டனில் ஆர்டரை ரத்து செய்துவிட்டார்கள். வேலை நடக்கும் இடத்துக்கும் உத்தரவு பிறக்கும் இடத்துக்கும் உள்ள தூரம் மைல் கணக்கில் மட்டும் இல்லை!

திருத்திய நிலமாவது கைகொடுத்ததா? மழை முடிந்து வெயில் ஏறியதும் கோங்க்வாவின் களிமண் செங்கல்லாக இறுகியது. கடலையோ மண்ணுக்குள் காய்ப்பது. எப்படித் தோண்டுவது? சூரியகாந்தி போட்டுப் பார்த்தார்கள். வறட்சி வந்து அதையும் கருக்கியது. அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக வாழும் கோகோ மக்களுக்கு இது புதுசில்லை. முதல் உலகப்போர் முடியும் சமயத்தில் அங்கே வந்த கொடும் பஞ்சம் அவர்கள் நினைவிலேயே இருந்தது. மழை எப்படிப் பொய்க்கும் என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

1948 மார்ச்சில் திட்டம் ‘வெளிநாட்டு உணவுக் கழகம்’ என்கிற அரசு நிறுவனத்தின் கைக்கு மாறியது. அடுத்த ஆண்டு தணிக்கையாளர்கள் வந்தார்கள். ‘கணக்குப் புத்தகங்கள் ஒழுங்காக இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். நாடாளுமன்றத்தில் ரகளை. 1949 நவம்பரில் வேக்ஃபீல்டைப் பதவியிலிருந்து நீக்கினார்கள். அமைச்சர் ஸ்ட்ரேச்சி? 1950 தேர்தலுக்குப் பிறகு அவர் யுத்த அமைச்சரானார்!

1951 ஜனவரியில் திட்டத்துக்கு மூடுவிழா. தள்ளுபடி செய்யப்பட்ட தொகை சுமார் 3.65 கோடி பவுண்ட். கிடைத்த கடலை, விதைக்கு வாங்கிய கடலையைவிடக் குறைவு. பொட்டலம் கட்டிக்கூட விற்க முடியாத வியாபாரம்!

பழைய டிராக்டர் வாங்கியதுதான் தப்பா? அப்படிச் சொல்ல முடியாது. அதே 1947-ல் இந்தியாவிலும் மத்திய டிராக்டர் நிறுவனம் என்ற அமைப்பு, இங்கே அமெரிக்க ராணுவம் விட்டுப்போன பழைய டிராக்டர்களை வைத்துத்தான் வேலையை ஆரம்பித்தது. மத்திய இந்தியாவில் ‘காஸ்’ என்கிற ஒருவகை நாணல் ஆழமாக வேரோடி நிலத்தைப் பிடித்திருந்தது. மாடு பூட்டிய கலப்பைக்கு அசையாது. அதை உழுது புரட்டும் வேலை. பழைய வண்டிகளை மட்டும் நம்பி இதை ரொம்ப தூரம் கொண்டுபோக முடியாது என்று தெரிந்ததும், 1949-ல் உலக வங்கியிடம் ஒரு கோடி டாலர் கடன் வாங்கிப் புது டிராக்டர்களை இறக்கினார்கள். இங்கேயும் குறைகள் இருந்தன. ஆனால், பழைய வண்டியில் தொடங்கி, பிறகு அளவைக் கூட்டினார்கள். கோங்க்வாவில் எடுத்த எடுப்பிலேயே 32 லட்சம் ஏக்கர் கனவு!

கோங்க்வா பிறகு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? டாங்கனிகா 1961-ல் சுதந்திரம் பெற்றது. 1964-ல் கடலைத் திட்டம் கைவிட்டுப்போன அந்த இடத்தில், தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைப் போராளிகள் முகாம் அமைக்க ஜூலியஸ் நைரேரேயின் அரசு இடம் கொடுத்தது. மொஸாம்பிக்கின் ஃபிரெலிமோ, நமீபியாவின் ஸ்வாப்போ, தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் எல்லாம் அங்கே பயிற்சி எடுத்தன. பிரிட்டனின் சாப்பாட்டு மேஜைக்கு எண்ணெய் எடுக்கத் திருத்திய மண், வெள்ளையர் ஆட்சிகளை எதிர்த்தவர்களின் பயிற்சி மைதானம் ஆனது. வேக்ஃபீல்ட் குழுவின் அறிக்கையில் இல்லாத அறுவடை அது!