வாளும் ஏடும் கொடியும்

இரும்புக் கவசமும் தலைச்சீராவும் அணிந்து, ஐரோப்பிய இடைக்கால வீரர்களைப்போல் பொருதும் விளையாட்டொன்று இன்று பல நாடுகளில் நடைபெறுகிறது. 1966-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டின் பின்முற்றத்தில் கூடிய நண்பர்கள் இதற்கு ஒரு வடிவம் தந்தனர். பின்னாளில் பிரம்பு வாளே அவர்தம் படைக்கலமாயிற்று. 2010-இல் உக்ரைனின் ஹோத்தின் கோட்டையில், மழுங்கிய இரும்பு வாள்களோடு நாடுகளுக்கிடையிலான போட்டி தொடங்கியது. பெண்களும் இக்களங்களில் இறங்குகின்றனர். அவர்களை நோக்கி எழும் வினா ஒன்றுண்டு: அந்நாளில் பெண்ணுக்கு மாடத்தில் இருந்து பார்ப்பதும் பரிசளிப்பதும் அன்றி வேறென்ன பங்கு இருந்தது?

இதற்கு விடை காணப் பழைய ஏடுகளைப் புரட்டுவோம்.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், அரச படைக்கல அருங்காட்சியகத்தில் ஒரு சுவடி உள்ளது. 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இச்சுவடியே ஐரோப்பாவில் இன்று கிடைக்கும் வாட்பயிற்சி நூல்களுள் மிகப் பழையது. ஒரு பாதிரியார் தம் மாணவனுக்கு வாளும் சிறு கேடயமும் கொண்டு ஏழு காப்பு நிலைகளைக் கற்பிக்கிறார். இறுதி ஏடுகளில் மாணவன் நின்ற இடத்தில் ஒரு பெண் நிற்கிறாள். வால்புர்கிஸ் என்று அவள் பெயரும் எழுதப்பட்டுள்ளது. கவசமில்லை; நீண்ட அங்கியே உடை. அவள் அங்கே ஏன் வந்தாள் என்று ஓவியர் விளக்கம் கூறவில்லை. வாள் என்பது கற்கத்தக்க ஒரு கலை, கற்க வந்தவள் மாணவி என்பதே அப்படத்தின் பொருளாக நமக்குப் படுகிறது.

அடுத்தவர் கிறிஸ்தின் த பிசான். வெனிஸில் பிறந்து பாரிஸில் வளர்ந்தவர். இளமையிலேயே கணவரை இழந்து, எழுத்தால் குடும்பத்தைக் காத்தவர். 1410-இல் அவர் போர்முறை பற்றி ஒரு நூல் இயற்றினார். பெண்ணொருத்தி இதனை எழுதலாமா என்ற ஐயத்தை முன்னுணர்ந்து, இரும்புக் கவசம் செய்யும் கலையைக் கண்டவளாகக் கருதப்பட்ட மினர்வா தேவியைத் துணைக்கு அழைக்கிறார். போருக்கும் அறநெறி உண்டு. உரிமையுடைய வேந்தனே அதனைத் தொடுக்கலாம். இருவர் வாட்போரிட்டு வழக்கின் உண்மையை நிறுவும் வழக்கம் தவறானது என்பன அவர் கொள்கைகள். பின்வந்த படிகள் சிலவற்றில் அவர் பெயரும் பெண்பாற் சொற்களும் நீக்கப்பட்டன. பெண்கள் அங்கு இல்லாதிருந்தமைக்கும், இருந்தோர் பெயர் அழிக்கப்பட்டமைக்கும் உள்ள வேறுபாட்டை வாசகர்கள் இங்கே கருதவேண்டும்.

மூன்றாமவர் ஜோன். 1429-இல் தூர் நகரில் அவருக்கென முழுக்கவசம் செய்யப்பட்டது. விலை 100 லிவர். அவர் ஈட்டி ஏந்திக் குதிரையோட்டிய திறங்கண்டு வியந்து குதிரையொன்று பரிசளித்ததாக அலான்சோன் கோமகன் பின்னாளில் சான்றுரைத்தார். ஆயினும் 1431-இல் விசாரணை மன்றில் ஜோன் அளித்த விடை வேறு திசையில் செல்கிறது. வாளினும் கொடியையே நாற்பது மடங்கு விரும்பியதாகவும், எவரையும் கொல்லாதிருக்கவே தாக்குதலின்போது கொடியைத் தாமே ஏந்தியதாகவும் அவர் கூறினார். அவ்வாண்டு மே 30-இல் அவரை எரித்தனர். ஆணுடை தரித்தமையும் அவர்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் ஒன்று.

கற்றல், நெறி, கொல்லாமை என இம்மூவர் கொள்கைகளையும் சுருக்கலாம். இன்றைய விளையாட்டும் இவற்றின்மீதே நிற்கிறது. இரும்பு வாட்போட்டியில் குத்துதல் கூடாது. வீழ்ந்தவரை அடித்தல் கூடாது. பிரம்பு வாட்போட்டியில் அடிபட்டவர் தாமே அதனை ஒப்புக்கொள்ளவேண்டும், நேர்மையே நடுவர்.

இடைக்காலக் களங்களில் ஆண்களே மிகுதி என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், களத்தில் இறங்கும் பெண்ணிடம் "நீ வரலாற்றுக்குப் புறம்பானவள்" என்போர், முதலில் அந்த லீட்ஸ் சுவடியின் இறுதி ஏடுகளைப் பார்த்துவிட்டு வரட்டும்.