வேர் ஏடு யார் கையில்?

ஊருக்குப் பெயரிடுவதும், இட்ட பெயரை ஏட்டில் ஏற்றுவதும் ஆட்சியாளர்க்குரிய உரிமைகளாகவே இருந்து வந்துள்ளன. மைசூர் என நம் தந்தையர் எழுதிவந்த இந்நகர், 2014-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் அரசாணைப்படி மைசூரு ஆயிற்று. ஆனால் இணையத்தில் ஒரு பெயர் நிலைபெற அரசாணை மட்டும் போதாது. 'டாட் காம்', 'டாட் இன்' போன்ற ஈற்றுப் பெயர்கள் அனைத்திற்கும் தலையாய ஏடு ஒன்று உண்டு. அதனை வேர் ஏடு என்பர். அதில் இல்லாத ஈற்றினை உலகக் கணினிகள் அறியா. அவ்வேட்டைக் காப்பவர் யார் என்பதே வழக்கு.

1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் வகுத்த முறை இது. யார் எந்த ஈற்றுக்குப் பொறுப்பாளர் என்பதைத் தீர்மானித்து வந்தவர், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜான் போஸ்டல் என்னும் அறிஞர். இந்தியாவின் 'டாட் இன்' ஏட்டில் ஏறியதும் அவர் காலத்தில்தான்; ஆண்டு 1989. இலவசமாக நடந்த பெயர்ப்பதிவுக்கு 1995 செப்டம்பரில் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டாண்டுக்கு 100 டாலர் எனக் கட்டணம் விதித்தது. பெயர் வாணிகப் பொருளானவுடன் பூசலும் தொடங்கிற்று.

1998 ஜனவரி 28 அன்று நிகழ்ந்தது கதை போன்றது. வேர் ஏட்டின் படிகளை வைத்திருந்த எட்டு வழங்கிகளின் பொறுப்பாளர்களுக்குப் போஸ்டல் ஒரு மின்னஞ்சல் விடுத்தார். அந்நிறுவனத்தின் ஏட்டைப் படியெடுப்பதை விடுத்துத் தம் ஏட்டையே படியெடுக்குமாறு அவர் கேட்க, எண்மரும் இணங்கினர்! படைபலமோ சட்டபலமோ இல்லாத ஒருவர், நன்மதிப்பு ஒன்றாலேயே உலக இணையத்தின் வேரைத் தம் பக்கம் திருப்பினார். வாஷிங்டன் சினந்தது, ஒரு வாரத்திற்குள் யாவும் பழைய நிலைக்குத் திரும்பின. அது வெறும் சோதனையே என்றார் போஸ்டல். நம்பினோர் சிலரே. அவ்வாண்டு செப்டம்பரில் கலிபோர்னியச் சட்டத்தின்கீழ் ஐகேன் என்னும் அமைப்பு நிறுவப்பெற்றது. அக்டோபர் 16-இல் போஸ்டல் மறைந்தார்.

ஐகேன் பிறந்தும் பூசல் ஓயவில்லை. வேர் ஏட்டில் எந்த மாற்றத்திற்கும் அமெரிக்க வணிகத் துறையின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அத்துறை தவறிழைத்ததா என்பதன்று கேள்வி. பிறர் பெயர்களைத் தாங்கும் ஏடு ஒரு நாட்டின் பெட்டியில் இருக்கலாமா என்பதே. மைசூரு வாசிகளுக்கு இது புதிதன்று. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நம் நகரில் இருந்தமை பற்றி எழுந்த வழக்கில், அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டதை நாம் அறிவோம்.

2005-இல் துனிஸ் நகர மாநாட்டில் நாடுகள் வாதிட்டன. முடிவாக ஆண்டுதோறும் கூடிப் பேசும் மன்றம் ஒன்று மட்டும் பிறந்தது. 2011 அக்டோபர் 26 அன்று, 50 நாடுகள் கொண்ட குழு ஒன்றை ஐக்கிய நாடுகள் அவையின்கீழ் அமைக்குமாறு இந்தியா முன்மொழிந்தது. நம் நாட்டிலேயே இதற்கு எதிர்ப்பு எழுந்தது. அரசுகள் மட்டுமே கூடி ஆளும் இணையத்தில் குடிமக்களின் குரல் எங்கே என வினவினர். அவ்வினா நியாயமானதே என்பது என் கருத்து. 2015-இல் இந்தியா நிலை மாறி, அரசும் தொழில்துறையினரும் அறிஞரும் பொதுமக்களும் கூடி நடத்தும் முறையை ஏற்றது. 2016 அக்டோபர் முதல் நாள் அமெரிக்காவின் ஒப்பந்தம் முடிவுற்றது. அதன்பின் ஐகேனின் முதற் பெருங்கூட்டம் நம் ஹைதராபாத்தில் கூடியது. போர்ட்டோ ரிக்கோவில் நடக்கவிருந்ததை ஜிகா காய்ச்சல் இங்கு அனுப்பி வைத்தது!

தமிழ் இவ்வேட்டில் ஏறிய வரலாறு சுவையானது. 2007 அக்டோபரில் ஐகேன் 11 மொழிகளில் சோதனை ஈறுகளை ஏற்றியபோது, யாரும் பதிவு செய்ய இயலாத 'பரிட்சை' என்னும் ஈறு தமிழில் தோன்றிற்று. பரீட்சை என நெடிலிட்டு எழுதுவதன்றோ அகராதி வழக்கு? குறிலோடு வேரேறிய அச்சொல் 2013-இல் நீக்கப்பட்டது. இதற்கிடையே 2010-இல் 'இலங்கை'யும், 2011-இல் 'இந்தியா'வும் 'சிங்கப்பூ'ரும் தமிழ் எழுத்தில் உரிமையோடு இடம்பெற்றன.

எனினும் இவ்வழியில் கதவு திறப்பது நாடு கொண்டோர்க்கே. மொழி கொண்டோர்க்கு அன்று. மலேசியாவின் பெயர் ஏட்டில் ஜாவி எழுத்தில் உள்ளது, தமிழில் இல்லை. நாடற்ற கட்டலான் மொழியார் 2005-இல் வேறு வழியில் 'டாட் கேட்' பெற்றனர். 2017-இல் அதன் பதிவகத்துள் ஸ்பெயின் காவலர் புகுந்தனர். இந்தியாவின் முதல் தொகுதியில் இந்தி, வங்காளி, குசராத்தி, பஞ்சாபி, தமிழ், தெலுங்கு, உருது என எழுமொழிகளே இருந்தன. நாம் வாழும் இம்மண்ணின் மொழியாகிய கன்னடம் அடுத்த வரிசையிலேயே ஏறிற்று.