கேலிக்குரிய வில்லன்களின் மறுவார்ப்பு

அமெரிக்கப் படக்கதைகளில் ஒரு காலத்தில் வெறும் வேடிக்கைக்காகப் படைக்கப்பட்டு, பின்னர் மறக்கப்பட்ட வில்லன்கள் பலர் உண்டு. அவர்களில் சிலரைப் பிற்கால எழுத்தாளர்கள் மீட்டெடுத்து, வாசகர் பொருட்படுத்தத்தக்க பாத்திரங்களாக மாற்றினர். இத்தகைய மறுவார்ப்புக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது பேட்மேன் கதைகளில் வரும் மிஸ்டர் ஃபிரீஸ் என்னும் பாத்திரம். காலண்டர் மேன், கைட் மேன் ஆகியோரும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவர்கள்.

வேடிக்கை வில்லன்கள் பெருகிய காலம்

1940 இல் பேட்மேன் இதழ் தொடங்கியபோது அதன் வில்லன்கள் கொடியவர்களாகவே இருந்தனர். முதல் இதழிலேயே அறிமுகமான ஜோக்கர் பலரைக் கொன்றான். 1950களில் இந்நிலை மாறியது. படக்கதைகள் சிறுவர்களைக் குற்றச்செயல்களுக்குத் தூண்டுகின்றன என்று உளவியல் மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தம் 1954 இல் வெளிவந்த தம் நூலில் குற்றம் சாட்டினார். அமெரிக்க மேலவையின் துணைக்குழு ஒன்றும் அதே ஆண்டில் இதுபற்றி விசாரித்தது. அரசு தலையிடும் முன் தாமே கட்டுப்பாடு விதித்துக்கொள்வது நல்லது என்று கருதிய பதிப்பாளர்கள், காமிக்ஸ் கோட் எனப்படும் ஒழுங்கு விதிகளை அவ்வாண்டே உருவாக்கினர்.

அவ்விதிகளின்படி நன்மையே எப்போதும் வெல்ல வேண்டும். குற்றவாளியின்மீது வாசகருக்கு இரக்கம் தோன்றும்படி குற்றத்தைச் சித்திரிக்கக் கூடாது. இந்த இரண்டாவது விதி வில்லன்களின் தன்மையைப் பெரிதும் பாதித்தது. கொடூரத்தைக் காட்ட முடியாது. குற்றவாளியின் துயரத்தையும் காட்ட முடியாது. எஞ்சியவை விந்தையான உடையும் விந்தையான கருவியுமே. அதனால் ஒவ்வொரு வில்லனும் ஒரே ஒரு வித்தையைச் சுற்றிப் படைக்கப்பட்டான். 1958 இல் தோன்றிய காலண்டர் மேன் பருவகாலங்களுக்கு ஏற்ப உடை மாற்றிக் கொள்ளையடித்தான். 1960 இல் தோன்றிய கைட் மேன் பட்டத்தில் பறந்து திருடினான்.

மிஸ்டர் சீரோ

இந்த வரிசையில் 1959 பிப்ரவரி தேதியிட்ட பேட்மேன் 121 ஆம் இதழில் வந்தவன் மிஸ்டர் சீரோ. எழுத்தாளர் டேவ் வுட், ஓவியர் ஷெல்டன் மோல்டாஃப் ஆகியோர் அவனைப் படைத்தனர். உறையவைக்கும் துப்பாக்கியைச் சோதிக்கும்போது நேர்ந்த விபத்தால், குளிரூட்டப்பட்ட உடைக்குள் மட்டுமே உயிர்வாழக்கூடியவனாக அவன் ஆகிறான். பிறகு வைரங்களைத் திருடுகிறான். கதையின் முடிவில் நீராவி பட்டு அவன் பழைய நிலைக்குத் திரும்புகிறான். அவன் ஏன் திருடுகிறான், யாருக்காக வாழ்கிறான் என்பவை பற்றிக் கதை கவலைப்படவில்லை.

1966 இல் தொடங்கிய பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் அவனுக்கு மிஸ்டர் ஃபிரீஸ் என்று பெயர் மாற்றியது. ஜார்ஜ் சாண்டர்ஸ், ஓட்டோ பிரெமிங்கர், இலை வாலக் என மூவர் அவ்வேடத்தில் நடித்தனர். தொடரே நகைச்சுவைத் தொடர் என்பதால் பாத்திரமும் நகைப்புக்கு உரியதாகவே அமைந்தது. 1968 இல் படக்கதையும் இப்பெயரை ஏற்றுக்கொண்டது. அதன்பின் கால் நூற்றாண்டுக் காலம் அவன் எப்போதாவது தலைகாட்டும் சிறிய வில்லனாகவே இருந்தான்.

1992 இல் நிகழ்ந்த மாற்றம்

காமிக்ஸ் கோட் விதிகள் 1971 இல் தளர்த்தப்பட்டன. 1970களிலும் 1980களிலும் வாசகர்களின் வயது கூடியது, கதைகளும் கனமாயின. 1992 இல் வெளிவரத் தொடங்கிய பேட்மேன் இயங்குபடத் தொடர் இச்சூழலின் விளைவாகும். அதில் செப்டம்பர் 7 அன்று ஒளிபரப்பான ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்னும் பகுதியைப் பால் டினி எழுதினார். புரூஸ் டிம் இயக்கினார். மிஸ்டர் ஃபிரீஸின் புதிய தோற்றத்தை ஓவியர் மைக் மின்யோலா வடிவமைத்தார்.

டினி மூலக்கதையின் விபத்தையும் குளிர் உடையையும் உறையவைக்கும் துப்பாக்கியையும் அப்படியே வைத்துக்கொண்டார். அவற்றுக்கு ஒரு காரணத்தை மட்டும் சேர்த்தார். அவர் கதையில் விக்டர் ஃபிரீஸ் ஒரு கடுங்குளிரியல் அறிவியலாளர். அவருடைய மனைவி நோரா தீராத நோயால் சாகும் தறுவாயில் இருக்கிறார். மருந்து கண்டுபிடிக்கும் வரை அவரை உறைநிலையில் காக்க, தாம் பணியாற்றும் நிறுவனத்தின் கருவிகளைக் கணவர் பயன்படுத்துகிறார். செலவைக் கண்டு சினந்த நிறுவனத் தலைவர் ஃபெரிஸ் பாயில் ஆய்வை நிறுத்த ஆணையிடுகிறார். அப்போது நிகழும் மோதலில் பாயில் உதைத்துத் தள்ள, ஃபிரீஸ் வேதிப்பொருள்களுக்கு நடுவே விழுகிறார். உயிர் பிழைத்தாலும், உறைகுளிரில் மட்டுமே வாழ முடிகிற உடலோடு எழுகிறார்.

முன்பு வெறும் வித்தையாக இருந்த குளிர், இக்கதையில் துயரத்தின் வடிவமாகிறது. மனைவியின் கையின் வெதுவெதுப்பை அவரால் இனி உணர முடியாது. நடிகர் மைக்கேல் அன்சாரா ஏற்ற இறக்கமற்ற குரலில் பேசியிருப்பதும் இதற்குப் பொருந்துகிறது. உணர்ச்சி இல்லாதவரின் குரலாக அது ஒலிப்பதில்லை. உணர்ச்சியை அடக்கி உறையவைத்த ஒருவரின் குரலாகவே ஒலிக்கிறது.

இரக்கமும் தீர்ப்பும்

இப்பகுதியில் கவனிக்க வேண்டியது பேட்மேனின் நடத்தை. உண்மையில் நடந்தது என்ன என்பதை ஓர் ஒளிப்பதிவின் வழியாக அவர் அறிகிறார். ஆனாலும் ஃபிரீஸைத் தடுத்து நிறுத்துகிறார். ஏனெனில் பழிவாங்கும் வெறியில் ஃபிரீஸ் தொடர்பில்லாதவர்களின் உயிரையும் பொருட்படுத்துவதில்லை. அதே வேளையில், மனிதநேயத் தொழிலதிபர் என்று விருது பெறும் பாயிலின் குற்றத்தையும் பேட்மேன் அந்த ஒளிப்பதிவை ஒரு செய்தியாளரிடம் கொடுத்து வெளிக்கொணர்கிறார். ஒருவரின் துன்பத்தைப் புரிந்துகொள்வது வேறு, அவர் செய்த தீங்கை மன்னித்துவிடுவது வேறு என்ற தெளிவு இக்கதையில் உள்ளது. 1954 இன் விதிகளை வகுத்தவர்கள், இரக்கம் பிறந்தால் குற்றத்தை ஏற்கும் மனமும் பிறந்துவிடும் என அஞ்சினர். அந்த அச்சத்துக்கு இக்கதையே தக்க விடை.

இந்தத் தொடரின் எழுத்துக்கு டேடைம் எம்மி விருது கிடைத்தது. நோராவின் கதை பிறகு படக்கதைகளுக்கும் சென்று, பாத்திரத்தின் அதிகாரப்பூர்வ வரலாறாக ஆனது.

பின்னணி மட்டும் போதுமா?

துயரமான பின்னணி ஒன்றைச் சேர்த்தாலே வில்லன் மதிப்புப் பெற்றுவிடுவான் என்று கூற முடியாது. 1997 இல் வந்த ‘பேட்மேன் அண்ட் ராபின்’ திரைப்படத்தில் ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகர் இவ்வேடத்தை ஏற்றார். நோராவின் நோயும் உறைநிலையும் அதிலும் உண்டு. ஆனால் பாத்திரம் வாய் திறக்கும்போதெல்லாம் பனியையும் குளிரையும் வைத்துச் சொல்விளையாட்டு ஆடியதால் துயரம் ஒட்டவில்லை. ஒரே பின்னணி, ஐந்து ஆண்டு இடைவெளியில், ஓரிடத்தில் கண்ணீரையும் மற்றோரிடத்தில் கேலியையும் வரவழைத்தது.

2012 இல் ஸ்காட் ஸ்னைடரும் ஜேம்ஸ் டினியனும் எழுதிய கதையில் நோரா அவருடைய மனைவியே அல்லர். பல ஆண்டுகளுக்கு முன்பே உறைநிலையில் வைக்கப்பட்ட அந்நியப் பெண். ஃபிரீஸின் காதல் ஒரு மனப்பிரமையாகக் காட்டப்பட்டது. இம்மாற்றத்தைப் பல வாசகர்கள் விரும்பவில்லை. பின்வந்த கதைகளில் நோரா மீண்டும் மனைவியாகவே வருகிறார்.

மற்றொரு குறையும் உண்டு. நோரா கண்ணாடிப் பேழைக்குள் உறங்குபவராகவே நெடுங்காலம் இருந்தார்; அவருக்கென்று பேச்சோ விருப்பமோ இல்லை. ஆணின் கதைக்குக் காரணமாவதற்காகவே பெண்கள் துன்புறுத்தப்படும் போக்கை எழுத்தாளர் கெயில் சிமோன் 1999 இல் பட்டியலிட்டுக் காட்டினார். அந்தக் கேள்வி நோராவின் கதைக்கும் பொருந்தும். 2019 இல் வெளியான படக்கதையில் நோரா கண்விழித்துத் தம் விருப்பப்படி நடக்கத் தொடங்கியது இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

வேறு வழிகள்

காலண்டர் மேனுக்கு எந்தத் துயரமும் தேவைப்படவில்லை. ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்த ‘தி லாங் ஹாலோவீன்’ 1996, 1997 ஆண்டுகளில் 13 இதழ்களாக வந்தது. விடுமுறை நாள்தோறும் கொலை செய்பவரைத் தேடும் பேட்மேன், சிறைக்கூடத்தில் உள்ள காலண்டர் மேனிடம் வந்து கேட்க வேண்டியிருக்கிறது. வண்ண உடைகளைக் களைந்து, நாள்களின்மீது அவனுக்குள்ள பித்தை மட்டும் விட்டுவைத்தபோது அவன் அச்சமூட்டுபவனானான்.

கைட் மேனை டாம் கிங் 2017 இல் பேட்மேன் 27 ஆம் இதழில் மீட்டெடுத்தார். சார்லஸ் பிரௌன் என்னும் அந்த எளிய மனிதர், ஜோக்கருக்கும் ரிட்லருக்கும் நடந்த போரில் தம் சிறு மகனை இழக்கிறார். ரிட்லர் நஞ்சைத் தடவியது சிறுவனின் பட்டத்து நூலில். அந்தத் தந்தை பட்டத்தையே தம் அடையாளமாக்கிக்கொண்டு போருக்குள் இறங்குகிறார். கிங் பட்டத்தின் அபத்தத்தை மறைக்க முயலவில்லை. பிறர் பார்த்துச் சிரிக்கும் அதே பொருள், மகன் கடைசியாகப் பிடித்திருந்த பொருள் என்று காட்டினார்.

மதிப்பீடு

இம்மூன்று மறுவார்ப்புகளும் பழைய படைப்பாளர்களின் கற்பனையைத் தூக்கி எறியவில்லை. குளிர் உடை, நாள்காட்டி, பட்டம் ஆகிய மூன்றும் முன்பிருந்தவையே. ‘இவன் என்ன செய்வான்’ என்று மட்டும் கேட்ட இடத்தில் ‘இவன் ஏன் இதைச் செய்கிறான்’ என்றும் கேட்டது பிற்கால எழுத்தாளர்களின் பங்களிப்பு. கொலைகளையும் குருதியையும் கூட்டுவதால் ஒரு வில்லன் கனம் பெறுவதில்லை. அவனிடம் இழப்பதற்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று வாசகர் உணரும்போதே கனம் பெறுகிறான்.